மலையை ஐப்பசியில் நடந்து பார்த்துப் படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன். நில அளவைத் துறையில் 34 வருடம் வேலை பார்த்துவிட்டு 2019-ல் ஓய்வு பெற்றேன். நிலம் அளக்கும் இரும்புச் செயின் இழுத்துத் தொடங்கினேன், கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு முடித்தேன். நீலகிரியின் எல்லா வட்டங்களிலும் எல்லைக் கல் நட்டிருக்கிறேன். சாலை, குடிநீர், கட்டடம் என்று மலை ஊர்களுக்கு எந்தத் திட்டம் வந்தாலும் இப்போது முதலில் கணினி வரைபடத்தில்தான் போட்டுப் பார்க்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்று டீக்கடையில்கூடப் பேச்சு நடக்கிறது. எங்கள் ஊரில் நடந்ததைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊரையும் சேர்த்து நாலு ஊருக்குப் பொதுவாக ஒரு துணை சுகாதார நிலையம் வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருவழியாக அதற்கு வழி பிறந்தது. இடம் பார்க்க வந்தவர்களில் ஓர் இளம் பொறியாளர் இருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். மடிக்கணினியைத் திண்ணையில் வைத்து, கூடி நின்ற எல்லோருக்கும் பொறுமையாகக் காட்டினார். புறம்போக்கு ஒரு நிறம், பட்டா நிலம் ஒரு நிறம். சரிவு அதிகமான இடம் சிவப்பு, குறைந்த இடம் பச்சை. ஒவ்வொன்றும் தனித்தனிப் படம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும், நாலு ஊருக்கும் ஒரு கிலோமீட்டருக்குள், புறம்போக்கில், சரிவு குறைவாக, மரம் வெட்ட வேண்டாத ஒரே இடம் திரையில் மிஞ்சி நின்றது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு உண்மையிலேயே மனது நிறைந்துவிட்டது. இதே வேலையை எங்கள் காலத்தில் செய்ய வேண்டுமென்றால் கிராம வரைபடத்தை ஒரு அறையில் தேடி, நில விவரம் எழுதிய அ-பதிவேட்டை இன்னொரு அறையில் தேடி, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனியாக வரைந்த புலப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் ஓடிவிடும்.

மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போனேன். மேல்பக்கத்து நிலத்துக்கார அம்மா, எண்பது வயதுக்கு மேல் இருக்கும், கீரை பறித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்து, "இங்கயா தம்பி? ஐப்பசி, கார்த்திகையில இதுல மாடு கால் வைக்காதே" என்றார்.

வீட்டுக்குப் போய் என் பழைய ஏரோவை எடுத்து வந்தேன். செயின் போடும்போது ஒவ்வொரு செயினுக்கும் அடையாளமாகக் குத்தி வைப்போமே, தலையில் வளையம் போட்ட அந்த இரும்பு ஊசி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நல்ல மண்ணில் சுத்தியால் தட்டித்தான் இறக்க வேண்டும். அன்றைக்கு உள்ளங்கையால் அழுத்தினேன், வளையம் மண்ணைத் தொடும் வரை இறங்கியது. உருவி எடுத்தபோது ஊசியில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. குழியில் மெல்லத் தண்ணீர் ஊறி வந்தது. மாதம் பங்குனி. எங்கள் பக்கம் குடிக்கத் தண்ணீர் லாரி வரும் காலம் அது.

மலையில் தானாகவே மட்டமாக இருக்கும் இடத்தைக் கண்டால் அளவைக்காரன் முதலில் சந்தேகப்படுவான். ஒன்று, அது மண் நிறைந்து மூடிய பழைய சதுப்பாக இருக்கும். இல்லையென்றால் என்றைக்கோ மேலிருந்து சரிந்து வந்த மண் அங்கே உட்கார்ந்திருக்கும். இரண்டுமே கணினியில் பச்சைதான். சரிவைக் கணக்குப் போடத்தான் அதற்குச் சொல்லியிருந்தது, அதைச் சரியாகத்தான் போட்டது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு கிலோமீட்டர் கணக்கும் அப்படித்தான். அது பறவை பறக்கும் தூரம். நாலு ஊரில் ஒன்றுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஓடைப் பள்ளம் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் சாலை வழியாகச் சுற்றி வந்தால் நாலு கிலோமீட்டருக்கு மேல். நடைபாதைகளை வரைந்து கொடுத்தால் நடக்கிற தூரத்தையும் அதே மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லும். எங்கள் ஊர் ஒற்றையடிப் பாதை ஒன்றுகூட அதில் வரையப்பட்டிருக்கவில்லை.

இதற்காகக் கணினி வரைபடமே வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. 2009 நவம்பரை நேரில் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். அந்த 10-ம் தேதியோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை. நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், துணி ஒட்டிய கிராம வரைபடத்தை இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு விரித்து, சரிந்த இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் வந்து "டீ பேக்டரிக்குக் கீழே ரெண்டாவது வளைவு" என்பார். அது எந்த சர்வே எண், அதற்குக் கீழே எத்தனை வீடு என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னும் மூன்று பேர் வந்து நிற்பார்கள். ஈரக் கையோடு தொட்டுத் தொட்டுப் படத்தில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்துபோனது. இன்றைக்கு ஒரு கைபேசி இருந்தால், சரிந்த இடத்தில் நின்றபடியே குறித்து அனுப்பலாம். கீழே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கலெக்டர் ஆபீசில் அந்த நொடியே தெரியும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் மாவட்ட நிர்வாகம் சொல்லும் 283 அபாயமான இடங்களையும் வெறும் பட்டியலாகப் படிப்பதற்கும் படத்தில் பார்ப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம். அந்த நாட்களில் இது எங்கள் கையில் இருந்திருந்தால் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு நன்மை, பொதுமக்கள் கையில் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் ஒரு புலப்பட நகல் வாங்க தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடக்க வேண்டும். இப்போது பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். க்யூஜிஐஎஸ் என்று வரைபடம் போடும் ஒரு மென்பொருள், காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கின்றன. கல்லூரி முடித்த எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் இதில் என்னைவிட வேகமாகப் படம் போடுகிறார்கள்.

சரி, அப்படியானால் எங்கே தவறுகிறது? சொந்தத் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

சரிவுப் படம் எதை வைத்துப் போடப்படுகிறது என்று அந்தப் பொறியாளரிடம் கேட்டேன். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு, 30 மீட்டர் கட்டம் என்றார். அதாவது நீளம் 30, அகலம் 30, மொத்தம் 900 சதுர மீட்டர். நம் கணக்கில் 22 சென்ட். இந்த 22 சென்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு உயரம். எங்கள் ஊரில் மூன்று சென்டில் வீடு கட்டியிருக்கிறார்கள். 22 சென்ட் என்றால் மேலே ஒரு வரிசை வீடு, அதன் கீழே இரண்டு ஆள் உயரத் தடுப்புச் சுவர், அதற்கும் கீழே சாலை, சாலைக்காகச் செங்குத்தாக வெட்டிய மண், அப்புறம் தேயிலை. இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே எண். மண் சரிவது அந்தச் செங்குத்தான வெட்டில்தான். அந்த வெட்டு படத்திலேயே இல்லை.

அபாயப் படங்களைப் பாருங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாட்டில் மண் சரியக்கூடிய மலைப் பகுதிகளுக்கு நிலச்சரிவு வாய்ப்புப் படம் போட்டிருக்கிறது. பெரிய வேலை, அவசியமான வேலை. அதன் அளவு 1:50,000. ஒரு மாவட்டத்தில் எந்தப் பக்கம் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கான படம் அது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் இருக்கும், அதுவே 25 மீட்டர். கோட்டுக்குள் ஒரு முழு வீட்டு வரிசை அடங்கிவிடும். காகிதத்தில் இருந்தவரை இந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது, அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாரும் வீட்டு எல்லை சொல்ல மாட்டார்கள். கணினியில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு வீட்டுக் கூரையின் மேல் அந்தக் கோட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். "இந்த வீடு சிவப்பில், பக்கத்து வீடு மஞ்சளில்" என்று பேச்சு வருகிறது. அது அந்தப் படம் சொல்லாத விஷயம்.

புலப்படங்களை ஒட்டிச் சேர்ப்பதிலும் இதே சங்கடம். ஒவ்வொரு புலப்படமும் தனித்தனியாக அளந்து தனித்தனியாக வரைந்தது. அட்சரேகை, தீர்க்கரேகையோடு அவற்றுக்குச் சம்பந்தம் கிடையாது. கணினியில் பக்கம் பக்கமாக ஒட்டினால் ஒரு இடத்தில் இடைவெளி விழும், ஒரு இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எல்லைக் கற்களைத் தரையில் தேடிப்பிடித்து, நல்ல ஜிபிஎஸ் கருவியால் அளந்து, அதற்கேற்ப உட்கார வைக்க வேண்டும். பாதிக் கல் காணாமல் போயிருக்கும், தேயிலை வேருக்குள் புதைந்திருக்கும். தேடுவதற்கு நாள் ஆகும். நாள் ஆகும் என்பதால் திரையிலேயே கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நகர்த்தி ஒட்டிவிடுகிறார்கள். கைபேசியை வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம் என்றால், திறந்த மைதானத்தில் மூன்று, நாலு மீட்டருக்குள் சொல்லும் அதே கைபேசி சோலைக் காட்டுக்குள்ளும் ஓடைப் பள்ளத்திலும் பத்துப் பதினைந்து மீட்டர் தாவும். மூன்று சென்ட் வீட்டுமனையின் ஒரு பக்கமே பதினோரு மீட்டர்தான். பிறகு யார் நிலத்தில் யார் நிற்பது?

எல்லைக் கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் மாவட்டத்துச் சேகூர் யானை வழித்தட வழக்கைப் பார்த்தால் போதும். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தமிழக அரசின் வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. யானைக்கு வழி விட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வழித்தடத்தின் நிலப் பரப்பில் வேறுபாடு இருக்கிறது என்பது உள்ளிட்ட ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைக்க வேண்டியிருந்தது.

செயற்கைக்கோள் படத்தின் நிறத்தை நம்புவதிலும் கவனம் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக், மேலிருந்து பார்த்தால் காடு மாதிரி இருக்கும். புல்வெளியில் படர்ந்த சீகை மரமும் பச்சை, சோலையும் பச்சை. வெறும் புல்வெளி மட்டும் காலி இடம் மாதிரித் தெரியும். இந்தத் தப்பை மலை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்துவிட்டது. புல்வெளியைத் தரிசு என்று எழுதித்தான் சீகையையும் கற்பூர மரத்தையும் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். அந்தப் புல்லும் அதன் கீழே இருந்த சதுப்பும்தான் கோடையில் ஓடைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. சாலை போகாத தோடர் குடியிருப்பான மந்து ஒன்றும் திரையில் ஆள் இல்லாத பச்சை வெளியாகத்தான் தெரியும்.

சுற்றுலா வண்டிகளைக் கைபேசி எங்கெங்கோ கூட்டிப்போகும் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கிச் சிக்கிய செய்தி வந்தது. அது கண்ணுக்குத் தெரிந்துவிடும், கயிறு கட்டி இழுத்துவிடலாம். திட்டத்தில் புகுந்த தப்பு அப்படித் தெரியாது. கட்டடம் எழும்பி, ஐந்தாறு மழைக்காலம் கழித்துத்தான் சுவரில் விரிசலாக வெளியே வரும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். மழைக்காலத்தில் மலையை மேகம் மூடியிருக்கும். சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைப் போர்வைதான் தெரியும். அதனால் திட்டத்துக்கு எடுப்பது பெரும்பாலும் மேகமில்லாத தை முதல் சித்திரை வரையிலான படங்கள்தான். கள ஆய்வுக்கு வருபவர்களும் சாலை நன்றாக இருக்கும் அந்த மாதங்களில்தான் வருகிறார்கள். ஆக, வரைபடத்தில் இருப்பது கோடைக்கால மலை. ஆனால் மலை சரிவது கோடையில் இல்லை. அதிலும் நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு. மேற்கே கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கிழக்கே கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கெட்ட மாதங்கள். எந்த ஊற்று எங்கே பீறிடும், எந்த மண்மேடு கனக்கும், எந்தச் சிறுபாலத்தை எதிர்த்துக்கொண்டு தண்ணீர் சாலைமேல் ஏறும் என்பதெல்லாம் அந்த மாதங்களில் நடந்தால்தான் தெரியும். அல்லது நடந்தவர்களைக் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர் விஷயத்தில் நல்லது நடந்தது. அந்தப் பொறியாளரிடம் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நாலு நாள் கழித்துக் கையில் கைபேசியோடு எங்களோடு நடக்க வந்துவிட்டார். மேல்பக்கத்து அம்மாவால் இறங்க முடியவில்லை, வரப்பில் நின்றபடியே கைத்தடியால் காட்டினார். "அந்தப் பெரிய கல்லுக்கு இந்தாண்ட ஒரு ஊத்து. மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால ஒண்ணு. அது ஐப்பசியில மட்டும் வரும்." மூன்று மணி நேரம் நடந்தோம். ஏழு ஊற்று, இரண்டு பழைய மண்சரிவு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே போகும் மூன்று ஒற்றையடிப் பாதை. ஒவ்வொன்றிலும் நின்று, தாவுகிற எண் அடங்கும் வரை காத்திருந்து குறித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே திண்ணையில் உட்கார்ந்து புதுப் படம் போட்டுவிட்டார். அதுவரை பச்சையாக இருந்த இடத்தில் நீலக் கோடு ஓடியது. புது இடம் கால் கிலோமீட்டர் மேலே, பாறை அருகில் இருக்கும் மேட்டில் கிடைத்தது. சரிவு கொஞ்சம் அதிகம்தான், அஸ்திவாரச் செலவும் கூடும். ஒற்றையடிப் பாதையில் ஒரு சின்ன நடைபாலம் போட்டால் பள்ளத்துக்கு அந்தப்புறத்து ஊரிலிருந்தும் இருபது நிமிடத்தில் வந்துவிடலாம். பழைய காகித முறையில் இந்தத் திருத்தத்துக்கு ஒரு வருடம் போயிருக்கும், பெரும்பாலும் "முடிவாகிவிட்டது" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். தப்பை ஒரே மாலையில் திருத்த முடிகிறது என்பதுதான் இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த குணம்.

ஆனால் என்னைப்போல வேலையில்லாத ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவன் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டான். மென்பொருள் வந்துவிட்டது என்ற காரணம் சொல்லிக் களப்பணி நாட்களைக் குறைப்பதை நான் பார்க்கிறேன். அதுதான் என்னை வருத்துகிறது. அலுவலகத்தில் மிச்சமாகும் மூன்று மாதத்தில் ஒரு வாரத்தையாவது மலையில் நடக்கக் கொடுக்க வேண்டாமா?

அதிகாரிகளிடமும் ஊராட்சித் தலைவர்களிடமும் உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். திட்ட வரைபடம் எதுவானாலும் முத்திரை விழுவதற்கு முன்னால் அதைப் பெரிதாக அச்சடித்து, ஊர்ப் பெயர்களும் ஓடைப் பெயர்களும் தமிழில் போட்டு, கிராம சபையில் மாட்டுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. படத்தின் ஓரத்தில், எந்த மாதத்துப் படத்தை வைத்து வரைந்தது, உயரத் தரவின் கட்டம் எத்தனை மீட்டர் என்று இரண்டு வரி எழுதுங்கள். மேற்கே ஆடியிலும் கிழக்கே ஐப்பசியிலும் ஒருமுறை நடந்து பார்த்து, ஊற்றுக்கும் சதுப்புக்கும் பழைய மண்சரிவுக்கும் தனியாக ஓர் அடுக்கு சேர்த்த பிறகு இடத்தை முடிவு செய்யுங்கள்.

எங்கள் சுகாதார நிலையத்தின் திருத்திய படம் நவம்பர் 1 கிராம சபைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது ஐப்பசி நடுவில். அதற்கு முந்தின வாரம், மழை பிடித்ததும், புது இடத்திலும் ஏரோவைக் குத்திப் பார்க்கப் போகிறேன். பொறியாளரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்